எத்தோரே தொரிசானிக்கு ஒரு முழுப்பக்கம்

தொரிசானி கோப்பிக் கொம்பனிக்கு மூன்று வரலாறுகள் இருந்தன.

முதலாவது, கோப்பி அடைத்த தகரப் பேணியின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தென்னித்தாலியில் ஒரு மலைக்கிராமம். அங்கே ஒரு சிறுவன். அவனுடைய கண்களில் ஒரு கனவு. கப்பலேறி ரொறன்ரோவுக்கு வந்தது சிறுவனா கனவா என்பது கடைசிவரை தெளிவாகாது. இதை எழுதியவன் நிறுவனரின் பேரன் மார்க்கோ. வணிக நிர்வாகம் படித்துப் பட்டம் பெற்று, உதவித் தலைவர் என்ற பதவியுடன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது வரலாற்றைச் சொல்பவள் மார்க்கோவின் தாய் சில்வானா. தொலைபேசிக்குப் பக்கத்தில் அமர்ந்தே தலைநரைத்தவள். அவளுடைய வரலாற்றில் எல்லாவற்றையும் செய்தவள் அவளுடைய அம்மா ரோசா. அப்பா பக்கத்தில் நின்றார்.

மூன்றாவது வரலாறு கிழவர் எத்தோரே தொரிசானி தன் வாயாலேயே சொல்வது. எண்பத்தெட்டு வயதிலும் அவர் தினமும் கலடோனியா வீதியிலிருந்த கொம்பனிக் கொட்டகைக்கு வந்து, வறுக்கும் இயந்திரத்தின் அருகில் ஒரு மரக்கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவருடைய வரலாற்றில் கனவு எதுவும் இல்லை. மலக்குழாய் புதைக்கக் கிடங்கு வெட்ட வந்தார். முதுகு பிடித்தது. கடனில் மூழ்கிய ஒரு கச்சான்கடலைக்காரனின் வறுக்கும் இயந்திரம் ஏலத்தில் வந்தது, வாங்கினார். குதிரைப் பந்தயத் திடலில் கச்சான் விற்றார். கோப்பி வறுக்கலாம் என்ற எண்ணம் ரோசாவுக்குத்தான் வந்தது. முதல் இரண்டு வருடம் கோப்பியில் கச்சான் மணந்தது. சனம் அதையே விரும்பிக் குடித்தது. புது இயந்திரம் வாங்கியதும், பழைய ருசி போய்விட்டதென்று பாதி வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள்.

மார்க்கோவின் பேணியில் கச்சானுக்கு இடமில்லை.

இந்த மூன்றாவது வரலாறு பஸ்ரியனுக்கு மனப்பாடம். சொந்த ஊரான பாஷையூரிலிருந்து வந்து சேர்ந்த காலத்திலிருந்து ஏழு வருடம் அவன் தலையில் வலைத்தொப்பியோடு பை ஒட்டும் இயந்திரத்தில் நின்றான். அந்த இயந்திரமும் கிழவரின் கதிரையும் அருகருகே இருந்தன. கிழவரின் ஆங்கிலத்தில் நாலைந்து வினைச்சொற்கள்தான் உண்டு. மிச்சத்தைக் கைகள் பார்த்துக்கொள்ளும். பஸ்ரியனின் ஆங்கிலமும் அந்நாளில் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே இருவரும் தடங்கலின்றிக் கதைத்தார்கள்.

பிறகு பஸ்ரியன் கழுத்துப்பட்டி கட்டினான். அது நடந்தது இப்படி. ஒருநாள் துணிந்து மார்க்கோவின் கண்ணாடி அறைக்குள் போய், "ஸ்காபரோ முழுக்கத் தமிழர்கள். எல்லாரும் கோப்பி குடிக்கிறவர்கள்" என்றான். முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது வாக்கியத்துக்காக அவனுக்கு ஒரு வான், ஒரு பெட்டி விசிற்றிங் கார்ட், ஸ்காபரோ ரூட் ஆகிய மூன்றும் கிடைத்தன. கார்ட்டில் 'விற்பனைப் பிரதிநிதி' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. தமிழில் அதை அவன் 'மனேச்சர்' என்று மொழிபெயர்த்தான்.

எங்கள் சனம் தேத்தண்ணி குடிக்கும் சனம். கோப்பி என்பது விருந்தாளி வந்தால் போத்திலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, பாலும் சீனியும் கொட்டிக் கலக்குவது. அஜின்கோர்ட்டில் ஜெயரட்ணம் அண்ணையின் கடைவாசலில் பஸ்ரியன் சின்னக் கடதாசிக் கோப்பைகளை அடுக்கிவைத்துக்கொண்டு நின்ற சனிக்கிழமைகளில், குடித்தவர்கள் எல்லாரும் ஒரே முகத்தைக் காட்டினார்கள்.

"என்ன தம்பி, உது மருந்தே?"

"இத்தாலியன் கோப்பி, அன்ரி."

"கைக்குது. பால் இல்லையோ?"

"இது பால் விடாமல் குடிக்கிறது."

"ஏன், பாலுக்குத் தட்டுப்பாடோ?"

பேணிகள் பப்படத்துக்கும் விசுக்கோத்துக்கும் நடுவில் தூசி படிந்து நின்றன. ஆனாலும் பஸ்ரியனுக்கு அந்த ரூட் பிடித்துப்போயிற்று. கடைக்குக் கடை ஒரு கதிரை, ஒரு கோப்பை பிளேன்ரீ, நாலு ஊர்ப்புதினம். "மனேச்சர் வாறார்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கலியாணவீடுகளில் மூன்றாம் வரிசையில் இடம் கிடைத்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மார்க்கோ அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். உட்காரச் சொல்லும் நாட்களில் நல்ல செய்தி வருவதில்லை.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்போம், பஸ்ரியன். பேணிகள் நகராவிட்டால் ஸ்காபரோ ரூட்டை மூட வேண்டியதுதான். நீ பயப்படாதே. உன்னுடைய பழைய மெஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது."

ஆறுதலாகத்தான் சொன்னான். பஸ்ரியனுக்குத் தலையில் வலைத்தொப்பி ஏறியதுபோல இருந்தது.

"இன்றைக்கு யாரும் கோப்பி விற்பதில்லை," என்று மார்க்கோ தொடர்ந்தான். கோப்பிக் கொம்பனியின் உதவித் தலைவர் சொல்லக்கூடிய வசனம்தானா இது என்று பஸ்ரியன் யோசித்தான். "நாம் விற்பது வரலாறு. எங்கள் குடும்பத்தின் வரலாற்றை ஒவ்வொரு சமூகத்துக்கும் அவர்களுடைய மொழியிலேயே சொல்லப்போகிறோம். போர்த்துக்கீசருக்கு, சீனருக்கு, உங்களுக்கு. உங்கள் பத்திரிகையில் ஒரு முழுப்பக்கம் எடுத்திருக்கிறேன். இந்தா, தாத்தாவின் படம். இது கதை. தமிழில் எழுதிக்கொண்டு வா."

படத்தில் தொப்பியணிந்த நாற்பத்தைந்து வயது எத்தோரே எங்கேயோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொறன்ரோவில் நல்ல தமிழ் வேண்டுமென்றால் மல்வேர்னுக்குத்தான் போகவேண்டும். அங்கே மகளின் ரவுன்ஹவுஸ் நிலக்கீழறையில் அலெக்ஸாண்டர் மாஸ்ரர் இருந்தார். கலியாண வாழ்த்துமடல், பாராட்டுவிழாவில் வாசிக்கும் பத்திரம், முக்கியமாக முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு, எல்லாம் அவர் கைதான். செத்தவரின் வரலாற்றையும் புலம்பல் பாட்டையும் சேர்த்து அவர் எழுதும் கல்வெட்டுக்கு அவ்வளவு மவுசு. சிலர் சாகுமுன்னரே வந்து சொல்லிவைத்திருந்தார்கள். சுவரில் நாலு படம் தொங்கியது. நாலிலும் மாஸ்ரருக்கு யாரோ பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்ரர் ஆங்கிலத் தாளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாலும் பிறகு கீழாலும் பார்த்தார்.

"உதென்ன ஐசே, கனவு?"

"அப்பிடித்தான் எழுதிக்கிடக்கு, மாஸ்ரர்."

"கனவு கண்டவனிலை எங்கடை சனத்துக்கு மதிப்பில்லை. காலமை எழும்பிற எல்லாரும் கண்டிட்டுத்தான் எழும்புறாங்கள். ஆள் எந்த ஊர்? ஆற்றை மகன்? எங்கை கலியாணம் செய்தவர்? அதைச் சொல்லும்."

"ஊர் சான் நிக்கோலா. கலாபிரியாப் பக்கம்."

"தாய் தேப்பன்?"

"சால்வத்தோரே, பிலோமினா."

"பிலோமினா! பாத்தீரே, எங்கடை பேர். மோசம் போயிட்டினமோ?"

"இவருக்கே எண்பத்தெட்டு, மாஸ்ரர்."

'காலஞ்சென்ற' என்று மாஸ்ரர் அழகாக எழுதினார். "மனிசி?"

"ரோசா. அவவும் இல்லை. கோப்பித் தொழிலைத் துவங்கினதே அவதானாம்."

"போடுவம். சகோதரங்கள்?"

"நிக்கோலா, காலமாயிட்டார். வின்சென்சோ ஊரிலை. ஆர்ஜென்ரீனாவிலை ஒரு தங்கச்சி எண்டும் ஞாபகம். பேர் வருகுதில்லை."

"வராட்டில் விடும். ஆர்ஜென்ரீனாவுக்கு எங்கடை பேப்பர் போறேல்லை. ஆள் கச்சான் வறுத்தவர் எண்டு ஒரு கதை அடிபடுது, மெய்யே?"

"மெய்தான். ஆனால் மார்க்கோ அதை எடுத்துப்போட்டான்."

"விசரன். கஷ்டப்பட்டவர் எண்டால்தானே சனம் வாசிக்கும்."

மாஸ்ரர் எழுதினார். எழுதியதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தும் காட்டினார். 'இத்தாலி சான் நிக்கோலாவைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட எத்தோரே தொரிசானி அவர்கள், காலஞ்சென்றவர்களான சால்வத்தோரே பிலோமினா தம்பதிகளின் ஏக புத்திரரும்...' என்று ஆரம்பித்து, ஏகபுத்திரருக்கு இரண்டு சகோதரர்கள் இருப்பது ஞாபகம் வந்து, 'மூத்த புத்திரரும்' என்று திருத்தினார். ரோசாவின் பாசமிகு கணவரும், சில்வானாவின் அன்புத் தந்தையும், மார்க்கோவின் ஆசைத் தாத்தாவும் ஆன அவர் மலக்குழாய் புதைத்ததும் கச்சான் வறுத்ததும் ஒழுங்காக வந்தன. கடைசியில் ஒரு வெண்பா:

கலாபிரிய மாமலையின் கன்றே! கடல்கடந்து
நிலாக்குளிரும் நாட்டில் நிமிர்ந்தீர்! – பலாச்சுளைபோல்
பேசுமொழி கேட்டிருந்தோம் பெரியவரே! கோப்பிமணம்
வீசுமட்டும் நும்பேர் விளங்கும்.

எத்தோரே பலாச்சுளைபோலப் பேசி பஸ்ரியன் கேட்டதில்லை. பெரும்பாலும் இருமினார். ஆனால் மனேச்சராக இருக்கிறவன் வெண்பாவில் குறை கண்டுபிடிக்கக்கூடாது. அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு பெரிய மனிதரைப் பற்றி மரியாதையாக எழுதினால் இப்படித்தானே இருக்கும்? இதைவிட வேறு விதமாக எழுதிய எதையும் அவன் வாசித்ததில்லை. எங்களுக்குள்ளே ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் ஒரேயொரு தடவைதான் அச்சேறுகிறது. வாசித்துப் பார்க்க அந்த நேரம் அவன் இருப்பதில்லை.

பத்திரிகைக் காரியாலயத்தில் பக்கம் அமைக்கிறவனுக்கு இந்தச் சிந்தனையெல்லாம் கிடையாது. தொப்பி போட்ட படத்தைப் பார்த்தான், முதல் வரியைப் பார்த்தான், மிச்சத்தைக் கை தானாகவே செய்தது. சுற்றிவரக் கறுப்புக் கரை. ஆள் சைவமா வேதக்காரரா என்று தெரியாதபடியால் ஒரு மூலையில் குத்துவிளக்கு, மறுமூலையில் சிலுவை. கீழே, 'இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். தகவல்: குடும்பத்தினர் சார்பில் பஸ்ரியன், மனேச்சர்.' அதன் கீழே கொம்பனியின் முகவரி.

ஒப்புநோக்கப் பிரதி வந்தபோது பஸ்ரியன் அதைக் கவனமாகத்தான் பார்த்தான். தன் பெயரைப் பார்த்தான். எழுத்துப் பிழையில்லை. 'மனேச்சர்' என்பதும் சரி. அச்சில் முதன்முதலாக வந்த தன் பெயரை ஒரு மனிதன் எத்தனை நேரம் பார்ப்பானோ அத்தனை நேரம் பார்த்துவிட்டு, மார்க்கோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"கறுப்புக் கரை," என்றான் மார்க்கோ. "மிக உயர்ந்த ரசனை. நம்முடைய பேணியும் கறுப்புத்தானே. இந்த மூலையில் என்ன?"

"விளக்கு. நல்ல காரியங்களுக்கும் ஏற்றுவோம்."

அந்த 'உம்' எதற்கு என்று மார்க்கோ கேட்கவில்லை. பஸ்ரியனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமை காலை பஸ்ரியன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு ஜெயரட்ணம் அண்ணையின் கடைக்குள் நுழைந்தான். "மனேச்சர் வாறார்" என்று யாரும் குரல் கொடுக்கவில்லை. ஜெயரட்ணம் கல்லாவை விட்டு இறங்கிவந்து அவனுடைய கையைப் பிடித்தார்.

"எப்ப நடந்தது?"

"எது, அண்ணை?"

"பெரியவர் மோசம் போனது. எனக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே. பேப்பரிலையோ நான் பாக்கிறது?"

"ஆர் மோசம் போனது?"

ஜெயரட்ணம் அவனை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, பத்திரிகையை விரித்துக் கல்லாவின்மேல் வைத்தார். இடப்பக்கத்தில் ஒரு நெடுந்தீவு ஆச்சி காலமாகியிருந்தா. அவவுக்கு எதிரே, முழுப்பக்கத்தில், கறுப்புக் கரைக்குள் தொப்பியோடு எத்தோரே தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ரியன் முதன்முறையாகத் தன் பெயரை விட்டு மிச்சத்தைப் பார்த்தான்.

"அண்ணை, மனிசன் உயிரோடை இருக்கு!"

"என்ன ஐசே சொல்லுறீர்? பேபி அன்ரி விடியவே வான் பிடிச்சு வெளிக்கிட்டிட்டா. மல்வேர்னிலை பாதிச் சனம் அதுக்குள்ளை. வீட்டு அட்ரஸ் போடாதபடியால் கொம்பனிக்குத்தான் போகினம். நானும் கடையைப் பூட்டிப்போட்டு வெளிக்கிடத்தான் நிண்டனான்."

பஸ்ரியன் நானூற்றோராம் நெடுஞ்சாலையில் வானை விரட்டினான். ஜெயரட்ணம் பக்கத்தில் இருந்து, விளம்பரத்தின் வெண்பாவை மெல்ல வாசித்து, "மாஸ்ரர் நல்லாத்தான் செய்திருக்கிறார்" என்றார்.

கொம்பனி முற்றத்தில் வான்கள் நின்றன. ஆண்கள் வெளியே குளிருக்குள் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்று, எந்தச் செத்தவீட்டிலும் கதைப்பதுபோல வீட்டு விலையும் ஸ்பொன்சர் விசாவும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள், வெள்ளைச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டபடி, கோப்பிக்கொட்டைச் சாக்குகளின்மேல் வரிசையாக இருந்தார்கள். நடுவில், மரக்கதிரையில், எத்தோரே. பேபி அன்ரி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தா.

"தம்பியாரைப் பறிகுடுத்திட்டு எப்பிடியப்பு இருக்கப்போறியள்?"

படத்தில் இருந்தவர் நாற்பத்தைந்து வயதுக்காரர். எதிரில் இருப்பவர் கிழவர். ஆகவே இவர் தமையன் என்று சபை தீர்மானித்துவிட்டது. பேபி அன்ரி என்றால் ஸ்காபரோவில் தெரியாதவர்கள் இல்லை. பிறந்தநாளிலிருந்து செத்தவீடு வரைக்கும் சாப்பாடு செய்து கொடுப்பவ. ஆனால் அன்று அவ அழுதது தொழிலுக்காக அல்ல. சொந்தத் தகப்பனுடைய செத்தவீட்டுக்கு ஊர்போக முடியாமற்போன மனிசி அவ. அந்தச் சாக்குகளின்மேல் இருந்த எல்லாருக்குமே போகமுடியாமற்போன ஒரு செத்தவீடாவது இருந்தது. அதனால் இங்கே ஒன்றையும் தவறவிடமாட்டார்கள்.

சில்வானா ஓடிவந்து பஸ்ரியனின் சட்டைக்கையைப் பிடித்தாள். "நேற்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. இவர்கள் அப்பா செத்துவிட்டார் என்கிறார்கள். இல்லை, இருக்கிறார் என்று சொன்னால் இன்னும் கூட அழுகிறார்கள்!"

எத்தோரே பஸ்ரியனைக் கண்டதும் கையைக் காட்டினார்.

"வா. இந்த அம்மா நல்ல அம்மா. யார் செத்தது?"

பஸ்ரியன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "நீங்கள், சினியோர்."

கிழவர் சற்று யோசித்தார்.

"எப்போது?"

"நேற்று. பேப்பரில். என்னுடைய பிழை."

"எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?"

"நாற்பது இருக்கும். வெளியிலும் நிற்கிறார்கள்."

"நாற்பது," என்று எத்தோரே திருப்பிச் சொன்னார். "என் தம்பி நிக்கோலாவுக்கு இருபது பேர்தான். அதிலும் பாதி அந்த மண்டபத்தில் வேலை செய்கிறவர்கள்." பிறகு மகளைப் பார்த்து, "சில்வானா, வந்தவர்களுக்குக் கோப்பி" என்றார்.

இனி மறைக்க வழியில்லை. பஸ்ரியன் நிமிர்ந்து, தொண்டையைச் செருமினான்.

"அன்ரி, எல்லாரும் கேளுங்கோ. இவர் தமையன் இல்லை. இவர்தான் அவர்."

பேபி அன்ரி கையை விட்டா. "ஆர்? படத்திலை இருக்கிறவரோ? ஆள் இருக்கிறாரோ?"

"ஓம்."

"அப்ப ஏன் போட்டனீர்?"

"அது விளம்பரம், அன்ரி."

"விளம்பரமோ! ஆருக்கு, யமனுக்கோ?"

சாக்குகளின்மேல் ஒரு சலசலப்பு எழுந்தது. கடைசி வானில் வந்து இறங்கிய அலெக்ஸாண்டர் மாஸ்ரர், கையில் மலர்வளையத்துடன், அந்தச் சலசலப்புக்குள்தான் நுழைந்தார். விஷயம் விளங்கியதும் மலர்வளையத்தை ஒரு சாக்கின் பின்னால் மெல்லச் சாய்த்துவிட்டு, பத்திரிகையை விரித்தார்.

"இறந்தவர் எண்டு ஒரு சொல் இதிலை இருக்கே? காட்டுங்கோ பாப்பம். நான் வாழ்க்கை வரலாறு எழுதினனான்."

"அப்ப வளையம் ஏன் கொண்டந்தனீங்கள், மாஸ்ரர்?" என்று கேட்டார் ஜெயரட்ணம்.

"பேப்பரைப் பாத்தன். செத்திட்டார் எண்டு நினைச்சன்."

"நீங்கள்தானே எழுதினது!"

"எழுதேக்கை இருந்தவர். பிறகு நடந்திருக்கலாம்தானே?"

எல்லாரும் பக்கத்தைத் தேடினார்கள். மெய்தான், ஒரு சொல்லும் இல்லை. "பிறப்பிடமாகவும் எண்டு துவங்கினால் மிச்சத்தை ஆர் வாசிக்கிறது?" என்றார் ஜெயரட்ணம். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு பேபி அன்ரி, கண்ணைத் துடைத்த அதே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எத்தோரே என்ன நடக்கிறது என்று தெரியாமலே தலையசைத்தார். பிரேதத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில் கோப்பி வந்தது. சின்னஞ்சிறு கோப்பைகளில், கன்னங்கரேலென்று. சனிக்கிழமைகளில் பஸ்ரியன் கடைவாசலில் நின்று நீட்டிய அதே கோப்பி. ஒருவரும் பால் கேட்கவில்லை. செத்தவீட்டில் வெறுங்கோப்பிதான் கொடுப்பார்கள், கொடுத்ததைக் குடிப்பார்கள். ஆள் சாகவில்லை என்பதற்காக வந்த இடத்துப் பழக்கம் மாறிவிடுமா? பேபி அன்ரி ஒரு மிடறு விழுங்கினா.

"கைப்புத்தான்," என்றா. இன்னொரு மிடறு. "ஆனால் அழுத வாய்க்கு நல்லாக் கிடக்கு."

இந்தக் கட்டத்தில் மார்க்கோ வந்தான். வாரவிடுமுறைச் சட்டையுடன் வாசலில் நின்று, சாக்குகள், வெள்ளைச் சேலைகள், மலர்வளையம், தாத்தா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். சில்வானா அவனுடைய காதுக்குள் சொன்னாள். அவனுடைய முகம் பேணியின் நிறத்துக்குப் போயிற்று.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுக்க வேண்டியதில்லை, பஸ்ரியன். ரூட் முடிந்தது."

"கத்தாதே," என்றார் எத்தோரே. "செத்த மனிதனுக்கு முன்னால் கத்துகிறாய். பஸ்ரியன், அதில் என்ன எழுதியிருக்கிறது? வாசி."

பஸ்ரியன் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு, வரி வரியாகத் தன் ஆங்கிலத்தில் சொன்னான். தாய் பேர், தகப்பன் பேர், பிறந்த கிராமம். மலக்குழாய். முதுகு பிடித்தது. கச்சான். ரோசா இல்லையென்றால் கோப்பியே இல்லை என்ற வரி வந்தபோது, சில்வானா, "அது அச்சில் இருக்கிறதா? அந்த வரி எது? காட்டு" என்று கேட்டாள். பஸ்ரியன் காட்டினான். அவள் அந்தத் தமிழ் எழுத்துக்களை விரலால் ஒருமுறை தடவினாள். சகோதரர்கள் வரிசை வந்ததும் கிழவர் கையை உயர்த்தினார்.

"அசுந்தா எங்கே?"

பஸ்ரியன் மாஸ்ரரைப் பார்த்தான். "தங்கச்சின்ரை பேர் அசுந்தாவாம், மாஸ்ரர்."

சபையில் உண்மையான அதிர்ச்சி அப்போதுதான் ஏற்பட்டது. உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்ததைக்கூட மன்னிக்கலாம். பத்திரிகையில் ஒரு சகோதரியின் பெயரை விடுவதா? இதற்காக ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் இருக்கிற குடும்பங்கள் மல்வேர்னில் உண்டு. மாஸ்ரர் முதன்முறையாகத் தலைகுனிந்து, பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"மார்க்கோ," என்றார் கிழவர், "பேணியில் இருக்கிற பையனை எனக்குத் தெரியாது. பேப்பரில் இருக்கிற இவனைத் தெரியும். கச்சானைப் போடு."

"கச்சான் என்று பேணியில் போட முடியாது, தாத்தா. ஒவ்வாமைக்காரர்கள் வழக்குப் போடுவார்கள்."

எத்தோரே தன் பேரனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பலாச்சுளைபோல ஒன்றும் சொல்லவில்லை. இருமினார்.

ரூட்டைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொம்பனியை மார்க்கோவிடம் கொடுத்தாயிற்று. கதிரை மட்டும்தான் அவருடையது. திங்கட்கிழமை பஸ்ரியன் வலைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு பழைய மெஷினுக்கு முன்னால் நின்றான். கழுத்துப்பட்டி மடித்துச் சட்டைப்பைக்குள் இருந்தது. பக்கத்துக் கதிரையில் கிழவர், "திரும்பி வந்துவிட்டாய்" என்றார் சந்தோஷமாக. அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. பஸ்ரியனுக்கு அழுகை வந்தது. அந்த மெஷின் அவனை 'மனேச்சர்' என்று கூப்பிடாது.

மத்தியானத்துக்கு முன் சில்வானா வந்தாள். "ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா. உன்னைத்தான் கேட்கிறாள்."

பேபி அன்ரிதான். அந்த நெடுந்தீவு ஆச்சியின் செத்தவீட்டுக்கு அவதான் சாப்பாடு. "அண்டைக்குக் குடிச்ச கோப்பி, தம்பி. பால் வேண்டாம், சனம் குறை சொல்லாது, முழிச்சிருக்கவும் உதவும். ஒரு பெட்டி கொண்டாரும்."

அடுத்த கிழமை இன்னொரு பெட்டி. பிறகு ஜெயரட்ணம் எடுத்தார். மற்றக் கடைகள் எடுத்தன. செத்தவீட்டுக்குத் தொரிசானிதான் என்று ஸ்காபரோவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டாயிற்று; வேறு கோப்பி கொடுத்தால் பிள்ளைகள் சிக்கனம் பிடித்ததாகக் கதை வந்தது. கிறிஸ்மஸுக்கு முன்னரே மார்க்கோ பஸ்ரியனைக் கூப்பிட்டு, இம்முறை நிற்கவைத்தே, வான் சாவியைக் கொடுத்தான். கண்ணாடி அறையின் திரையில், 'வரலாறு விற்கிறது' என்ற தலைப்பின் கீழ், தமிழ்ச் சமூகம் என்ற கோடு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வரலாற்றைச் சொன்னதால் வந்த வெற்றி என்று மார்க்கோ விளக்கினான். எந்தச் சந்தர்ப்பத்தில் சனம் அதைக் குடிக்கிறது என்று அவன் கேட்கவில்லை. பஸ்ரியன் சொல்லத்தான் நினைத்தான். சாவி உள்ளங்கையில் குளிர்ந்துகொண்டிருந்தது. சொல்லவில்லை.

கடைகளில் பேணிகள் பப்படத்துக்குப் பக்கத்திலிருந்து சாம்பிராணிக்கும் கற்பூரத்துக்கும் பக்கத்துக்கு இடம் மாறின. கதிரையும் பிளேன்ரீயும் இன்னும் கிடைத்தன, ஆனால் அவன் வானை விட்டு இறங்கியதும் கடைக்குள் நிற்கிறவர்கள், "என்ன மனேச்சர், இண்டைக்கு ஆர்?" என்று கேட்டார்கள். கலியாணவீடுகளில் மூன்றாம் வரிசை மெல்ல மெல்ல ஏழாம் வரிசையாயிற்று. மணமகளின் தாய்மார் அவனைக் கண்டதும் புன்னகைத்தபடியே வேறுபக்கம் போனார்கள். அவனுடைய மனைவி வேரோனிக்கா, "இஞ்சாருங்கோ, உந்தப் பேணியளை வீட்டுக்குள்ளை கொண்டராதேங்கோ, வானோடை நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். பஸ்ரியன் யோசித்துப் பார்த்து, சிவப்புக் கழுத்துப்பட்டியை விட்டுக் கறுப்புக்கு மாறினான். அது அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமைகளில் பேணிகளை ஏற்றுமுன் எத்தோரேயின் கதிரையருகில் சற்று நிற்பான். கிழவர் காத்திருப்பார்.

"ஸ்காபரோவில் யார்?"

"ஒரு தபாற்கந்தோர் மனிதர், சினியோர். இளைப்பாறியவர்."

"எத்தனை பேர் வந்தார்கள்?"

"நூறு இருக்கும்."

எத்தோரே சின்னக் கோப்பையைக் கீழே வைத்து, கையால் அந்த நூறையும் ஒருபக்கம் தள்ளிவிட்டார்.

"இருக்கலாம். ஆனால் அவன் படுத்திருந்தான். எண்ணியிருக்கமாட்டான்."